புதன்கிழமை படுக்கும் வண்டி

அம்மாடி,

இதை உட்கார்ந்து படி. லிஃப்டில் ஏறும்போது பாதி, சாப்பிடும்போது பாதி என்று படிக்காதே. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "மா, மீட்டிங் மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். அதுவுமில்லாமல் போனில் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது. பேனாவைப் பிடித்தால் வருவதில்லை. ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிப்போகிறது. கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். சொல்ல வந்ததை மட்டும் திருத்திவிடாதே.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். "அத்தை, நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தார். இதோ சொல்லிவிட்டேன், அவரைத் திட்டாதே. நீ வேலையை விடப் போகிறாயாம். தம்பி கல்யாணத்துக்கு முன்னாலேயே விட்டுவிட வேண்டும் என்று நிற்கிறாயாம். "அந்த ஜனங்க முன்னாடி இந்த வேலையோட வந்து நிக்க மாட்டேன். வேலைய விட்டுட்டு, வெறும் அக்காவா வந்து நாத்தனார் முடிச்சு போட்டுட்டுப் போறேன்" என்று சொன்னாயாம். 

"அந்த ஜனங்க" என்று நீ சொன்னது நம் ராசா ஊரில் இருக்கிற எங்களைத்தான். அதில் நானும் இருக்கிறேன், முதல் ஆளாக நான்தான் இருக்கிறேன். அதனால்தான் இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று கோயில் பலகையில் ஒட்ட. செயலாளர் தம்பி நான் முதலில் கிறுக்கி வைத்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுமா? பூஜை நேரத்த நான் எங்கம்மா ஒட்டுறது?" என்று தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் தள்ளி ஒட்டு லா" என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி நான் பேசியதெல்லாம் ஊர் கேட்கத்தான் பேசினேன். இதையும் ஊர் படிக்கட்டும். உனக்குப் பிடிக்காத வரி ஏதாவது இருந்தால் சொல், ஒட்டுவதற்கு முன்னால் அடித்துவிடுகிறேன்.

உன் வேலை எனக்குப் புரிந்ததே ரொம்பத் தாமதம். புரிவதற்கு முன்னாலேயே பெருமை பேச ஆரம்பித்துவிட்டேன், அதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். நீ ரயில் வேலையில் சேர்ந்த புதிதில், பாசாரில் மீன் வெட்டித் தருகிற பையனிடம்கூட "என் மக ரயில் ஓட்டுறா" என்றேன். அது ரொம்ப நாள் கழித்து உன் காதுக்கு வந்து, "ஓட்டலம்மா, எந்த வண்டி ஓடணும், எந்த வண்டி படுக்கணும்னு பிரிச்சுப் போடுறேன்" என்றாய். உன் அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "படுக்கறதுக்குக் கூட டைம்டேபிளா? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்றார். அன்றைக்கு நான் உன் வீட்டு பால்கனியில் பேத்தியின் பள்ளிக்கூட யூனிபார்மைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நீ அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா?

"எனக்கும் தம்பிக்கும் எத்தனை செட் யூனிபார்ம் வாங்குவீங்க?"

"ஆளுக்கு மூணு. ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில. மழை பெஞ்சு காயலேன்னா போட ஒண்ணு."

"அந்த மூணாவது செட்டையும் எடுத்துப் போட்டுக்கிட்டா?"

"அன்னிக்குப் பள்ளிக்கூடம் போயிடலாம்."

"தினமும் எடுத்தா?"

"அழுக்குச் சட்டையோட போக வேண்டியதுதான். துவைக்காம துவைக்காம கடைசியில அக்குள்ல கிழியும். அப்ப ஒண்ணும் இருக்காது."

"அவ்வளவுதாம்மா என் வேலை" என்றாய். ரயிலும் ஓடி ஓடி அழுக்காகிறது, பிரேக் தேய்கிறது, கதவு இறுகுகிறது, வட்டமாக இருக்க வேண்டிய சக்கரத்தில் ஒரு பக்கம் தட்டை விழுகிறது. அதைத் திரும்ப வட்டமாக்குகிற மெஷின் டிப்போவில் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு எல்லா வண்டிகளும் வரிசையில் நிற்கின்றன என்றாய். வண்டி குறைவு, கேட்கிற ஊர்கள் அதிகம். எல்லாரும் அந்த மூன்றாவது செட்டைத்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு உனக்கு நல்ல பெயர், அடுத்த மாதம் நடு வழியில் வண்டி நிற்கும். அன்றைக்கு எனக்குப் புரிந்தது. புரிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். ராசாவுக்குத் திரும்பி வந்து, "எந்த ஊருக்கு எந்த ரயில் போகணும்னு என் மகதான் முடிவு பண்றா" என்று ஒரு சுற்று சொல்லி முடித்தேன். நீ சொன்னதில் எனக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நீ இந்த வேலைக்குப் போனதே உன் அப்பாவின் லோரியால்தான் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். இந்த இடத்தை எழுதும்போது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அத எழுதாத" என்கிறார். எழுதுகிறேன். உன் மாமாவுக்குக் கோல சிலாங்கூரில் கல்யாணம். நான் ஒரே அக்கா. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மிச்ச முடிச்சுகளை நாத்தனார்தான் போட வேண்டும், அதற்கென்று எனக்கு ஒரு சேலை, கோடாலிக் கொண்டைக்கு மல்லிகை, எல்லாம் தயார். அப்போது அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டினார். முதலாளியிடம் கேட்டு அந்த லோரியையே கழுவிப் பாய் விரித்து, சீர்த் தட்டுகளோடு தாமான் குடியிருப்பில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எஞ்சினில் ஒரு பெல்ட் நார் நாராகப் பிரிந்திருக்கிறது என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருக்கிறார். "நல்லாத்தானே ஓடுது" என்று இவர் சொல்லியிருக்கிறார். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை மட்டும் இருக்கிற ரோட்டில் அது அறுந்தது. குபுகுபுவென்று புகை. வாழைப்பழத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறேன், உன் தம்பி கைக்குழந்தை, வீறிட்டு அழுகிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். என் சித்தி மகள் முடிச்சுப் போட்டிருந்தாள். இன்றைக்கும் ஏதாவது விசேஷத்தில் என்னைப் பார்த்தால் "நான்தானே போட்டேன்" என்று அவள் ஆரம்பிப்பாள்.

அன்றைக்கு எல்லாரும் உன் அப்பாவைத் திட்டினார்கள். நீ மட்டும் திட்டவில்லை. பாவாடையில் கரியோடு அந்த அறுந்த பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நேத்தும் கிழிஞ்சுதானே இருந்துச்சு? நேத்தே மாத்தியிருக்கலாமே பா" என்றாய். சின்னப் பிள்ளை, குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாய். "பெல்ட் மட்டும் இல்ல, ரேடியேட்டரும் சூடாச்சு, அதையும் எழுது" என்கிறார் உன் அப்பா இப்போது. எழுதிவிட்டேன்.

இனி புதன்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷனில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். புதன்கிழமை காலை வண்டி இனிமேல் இல்லை, பதிலுக்குப் பஸ் வரும். அவ்வளவுதான் இருந்தது. ஏன், எதற்கு, ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயந்திரமே நம் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிட்டன. நான்தானே வண்டியை முடிவு பண்ணுகிறவளின் அம்மா. "என்னக்கா, உங்க மக நம்ம ஊரையே மறந்துட்டாளா?" என்றார்கள். "பெரிய ஆளாச்சே லா, நம்ம ஞாபகம் எங்க இருக்கும்" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியும், அவளுக்குச் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் நடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி ரவாங்குக்குப் போய் மெஷினில் படுத்துவிட்டு வருவாள். பிள்ளைகள் சிங்கப்பூரில். அந்தக் காலை வண்டிதான் அவளுக்கு எல்லாம். அவள் வீங்கின காலைப் பார்த்தேன். அடுத்த வாரம் கோயில் கூட்டத்தில், யாரும் கேட்காமலேயே எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். "பாக்கியம் அக்காவுக்காகச் சொல்றேன். அந்த வண்டி திரும்ப வரும். என் மககிட்ட நான் சொன்னா செய்வா. இது என் வார்த்தை" என்றேன். கை தட்டினார்கள். கைதட்டல் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதது இல்லை.

அதே ராத்திரி உன்னைக் கூப்பிட்டேன். நாம் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கும்.

"முடியாதும்மா" என்றாய்.

"ஒரே ஒரு வண்டிதானே கேக்கிறேன்."

"எல்லாருமே ஒரே ஒரு வண்டிதாம்மா கேக்கிறாங்க."

"அப்ப வேற நாள்ல நிறுத்து. புதன் வேணாம்."

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். வெள்ளிக்கிழமை டிப்போவில் ஆட்கள் தொழுகைக்குப் போவார்கள், வேலை நேரம் குறைவு, பாதியில் பிரித்துப் போட்ட வண்டியை அப்படியே விட முடியாது. சனி, ஞாயிறு குடும்பம் குடும்பமாகக் கூட்டம். திங்கள் காலை வேலைக்குப் போகிறவர்கள் நசுங்கிக்கொண்டு போகிறார்கள். செவ்வாயும் வியாழனும் வேறு பாதை வண்டிகள் அந்த மெஷினுக்கு வருகின்றன. மிச்சம் இருந்தது புதன். "வேணும்னு யாரும் புதன எடுக்கலம்மா" என்றாய். நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நாளைக்குக் கோயிலில் எந்த முகத்தோடு நிற்பது என்பதுதான் என் மண்டையில் ஓடியது. "பெத்தவ வார்த்தையவிட உனக்கு அந்த இரும்பு பெருசாப் போச்சா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் உன் அப்பாவை எடுக்கச் சொன்னேன். "அம்மா குளிக்கிறா" என்று அவர் எத்தனை தடவை சொன்னார்! அத்தனை குளி குளித்திருந்தால் நான் கரைந்தே போயிருப்பேன்.

நான் வாய் மூடியிருந்த அந்த நாட்களில்தான் ரவாங்கில் உன் தம்பியின் நிச்சயதார்த்தம் நடந்தது. நீ மண்டபத்துக்குள் நுழைந்ததும் நம் ஊர்க்காரி ஒருத்தி, "ரயில முழுங்கினவ வந்துட்டா, சாப்பாட்டுக்கு இடம் இருக்குமா?" என்றாள். அவள் பெயரை எழுதவில்லை. பலகை முன்னால் நின்று படிக்கும்போது அவளுக்கே தெரியும். நாலு பேர் சிரித்தார்கள். நீயும் சிரிக்கிற மாதிரி செய்துவிட்டு, தட்டைத் தொடாமல் கிளம்பிப் போனாய். நான் பத்தடி தள்ளி வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தேன். காதில் விழாத மாதிரி நின்றேன். என் மகளை ஒருத்தி சொல்கிறாள், திரும்பி ஒரு வார்த்தை கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவளுக்கு அந்தப் பேச்சைப் பேச இடம் கொடுத்தவளே நான். முடிவெல்லாம் என் மகள் கையில் என்று சொல்லி வைத்தது நான்தானே.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. வண்டியைத்தான் கொண்டுவர முடியவில்லை, துணைக்காவது போவோம் என்று அந்தப் புதன் பாக்கியம் அக்காவோடு பஸ்ஸில் ஏறினேன். பஸ் படி உயரம். அவள் ஒரு காலைத் தூக்கி வைக்க நான் பின்னால் இருந்து தாங்க வேண்டியிருந்தது. டிரைவர் மலாய்க்காரத் தம்பி, நல்ல பிள்ளை, எழுந்து வந்து கை கொடுத்தான். பத்தாங் காலியில் நின்று, செரண்டாவில் நின்று, ரவாங் நெருங்கும்போது லோரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். ஆமை வேகம். மெஷினில் அவளுக்கு ஒதுக்கின நேரம் போய்க்கொண்டிருந்தது. தாமதமானால் அவளுக்குப் படுக்கிற நேரத்தைக் குறைத்துவிடுவார்கள், அடுத்த ஆள் காத்திருப்பார். "பாத்தியாக்கா, என் மக செஞ்ச வேலைய" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "தங்கச்சி, ஒண்ணு கேக்கிறேன். எனக்காக மைக்கப் பிடிச்சுப் பேசினியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

"உனக்காகத்தானக்கா பேசினேன்" என்றேன்.

"நான் உங்கிட்ட வண்டி கேட்டனா? கேட்டிருந்தா எம்பேர்ல பேசு. நீ உனக்கு ஒரு மாலை வேணும்னு பேசின. மாலைய எங்கழுத்துல போட்டுட்ட."

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. அவள் விடவில்லை. ஆனால் குரல் தணிந்தது. "என் தங்கச்சி மகன் கல்யாணம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ஒரு தடவ மெஷினுக்குப் போகல. உடம்பு நல்லாத்தானே இருக்கு, திங்கக்கிழம சேத்துப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். நல்லாத்தான் இருந்தேன். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு பாயசம் குடிச்சேன். ராத்திரி மூச்சு முட்டுச்சு, ஆஸ்பத்திரில தூக்கிப் போட்டாங்க. டாக்டர் பொண்ணு திட்டினா பாரு, எங்கம்மாகூட அப்படித் திட்டினதில்ல. நல்லா இருக்கும்போதுதான் போய்ப் படுக்கணும் பாட்டி, நல்லா இல்லாதப்ப வந்தா நாங்க என்ன செய்யறதுன்னா." கையில் ஊசி ஏறி ஏறிப் புடைத்த இடத்தைத் தடவிக்கொண்டு சிரித்தாள். "உம்மக அந்த வண்டிய நல்லா இருக்கும்போதே படுக்க வைக்கிறா. எனக்கும் அதுக்கும் ஒரே நாள் வந்து தொலைச்சிருச்சு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் புதன்கிழமை மெஷின்ல படுக்கிறோம். விட்டுத் தள்ளு."

அம்மாடி, நீ யூனிபார்மைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது எனக்கு அறிவுக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில்தான் உள்ளே இறங்கியது. இன்றைக்கு நன்றாக ஓடுகிற வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவளை யாருக்குப் பிடிக்கும்? அது நின்றதால் எத்தனை பேர் எரிச்சல்பட்டார்கள் என்று எண்ணலாம். நிற்காமல் ஓடியிருந்தால் எந்தச் செம்பனைக் காட்டுக்கு நடுவில் யார் மடியில் எந்தக் குழந்தை அழுதிருக்கும் என்று எண்ண முடியாது. அது நடக்கவே இல்லையே. நடக்காததற்கு யார் வந்து உனக்குக் கை தட்டுவார்கள்? கைதட்டல் இல்லாத இடத்தில் நீ இத்தனை வருஷம் நின்றிருக்கிறாய். நான் ஒரு மைக்கைப் பார்த்ததும் ஓடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் திரும்பவும் மைக்கைக் கேட்டேன். பின்னால் இருந்து ஒருத்தர், "குடுக்காதீங்கப்பா, போன தடவை வண்டி குடுத்துச்சு, இந்தத் தடவ ஏரோப்ளேன் குடுக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். அப்புறம் சொன்னேன்: "நான் குடுத்த வார்த்தை என்னுடையது இல்ல. அது என் மக வேலை. அவளைக் கேக்காம குடுத்துட்டேன், பாக்கியம் அக்காவையும் கேக்காம குடுத்துட்டேன். அந்த வார்த்தைய இப்ப திரும்ப எடுத்துக்கிறேன். திட்டறவங்க என்னைத் திட்டுங்க." நீ சொன்னபடியே வெள்ளிக்கிழமைத் தொழுகை, மெஷின், யூனிபார்ம் எல்லாம் சொன்னேன். கொஞ்சம் தப்பாகச் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

கார் வைத்திருக்கிற ஒருத்தர்தான் விடாமல், "இதெல்லாம் சாக்கு" என்றார். பாக்கியம் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஏன்யா, வண்டி இல்லாதவ நான் சும்மா இருக்கேன். காடி வச்சிருக்கிற உனக்கு என்னய்யா கோபம்? வேணும்னா புதங்கிழமை என்னை ஏத்திக்கிட்டுப் போ" என்றாள். அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் எல்லாமே சிரிப்பில் முடியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிற பெண் கடைசியில் என்னிடம் வந்து, "சொன்னதெல்லாம் சரிதாங்க்கா. ஆனா புதன்கிழமை நான் லேட்டாத்தான் போறேன். சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? யூனிபார்ம் கதை அவளுக்குச் சோறு போடாது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வண்டியைக் கேட்கவில்லை. அந்தப் பஸ்ஸை இன்னும் கொஞ்சம் முன்னால் கிளப்ப முடியுமா? ரயில் கிளம்புகிற அதே நேரத்துக்குப் பஸ்ஸையும் வைத்துவிட்டார்கள். தண்டவாளத்தில் லோரி இல்லை, ரோட்டில் இருக்கிறது. அதை உன் ஆபீசில் யார் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது, பஸ் உன் வேலை இல்லை என்றுகூட நீ சொல்லலாம். ஆனால் நீ அங்கே இருந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்றாவது தெரியும். நீ வேலையை விட்டு வந்துவிட்டால் பாக்கியம் அக்காவுக்காக அந்தக் கட்டடத்துக்குள் ஏறிப் போய்க் கேட்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? முடியாது என்று வந்தால் முடியாது என்று சொல். இந்தத் தடவை போனை வைக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், அம்மா சொல்கிறாளே என்று கோபப்படாதே. அந்தக் காகிதத்தில் ஏன் என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். உங்கள் ஆட்கள் 'வண்டி இல்லை' என்று மட்டும் ஒட்டினால், ஏன் என்கிற இடத்தில் ஜனங்கள் தங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்வார்கள். உன் பெயரை எழுதிக்கொண்டார்கள். நீ எனக்குக் கொடிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாயே, அதையே ஸ்டேஷனில் எழுதி ஒட்டு. நான் பலகையில் ஒட்டப் போவதும் அதைத்தான். என்னால் இவ்வளவு நீளமாகத்தான் எழுத முடிகிறது, நீ படித்தவள், நான்கு வரியில் எழுதிவிடுவாய்.

பாக்கியம் அக்காவோடு இப்போதெல்லாம் எல்லா நாளும் போகிறேன். போன வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றது, கதவு சத்தமில்லாமல் திறந்தது. முன்பெல்லாம் ஒரு கதவு மாட்டிக்கொண்டு முனகும். அவள் உள்ளே போய் உட்கார்ந்து, சீட்டைத் தட்டிப் பார்த்து, "முந்தாநாள் படுத்து எந்திரிச்சிருக்குது, மூஞ்சியில தெளிவப் பாரு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீ உட்கார்ந்து கோடு கோடாகப் பிரித்துப் போட்ட வண்டியில் நான் உட்கார்ந்து போகிறேன். இத்தனை வருஷம் உன்னைப் பற்றி ஊரெல்லாம் பேசினேனே, அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது யாரிடமும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. எதிரில் ஒரு சீனப் பாட்டி கூடையோடு தூங்கிக்கொண்டு வந்தாள். அவள் தூங்குகிறாளே, அது போதும் என்று இருந்தது.

வேலையை விடுவதானால் உனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று விடு. குழந்தையோடு இருக்க வேண்டும் என்று விடு. அதற்கு நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் எங்கள் வாய்க்குப் பயந்து விடாதே. எங்கள் வாய் அடுத்த மாதம் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளும். நீ விட்ட இடத்தில் வருகிற ஆள் கேட்கிறவர்களுக்கெல்லாம் மூன்றாவது செட்டை எடுத்துக் கொடுக்கிற ஆளாக இருந்தால், அதற்குக் காரணம் நான் பிடித்த மைக்காக இருக்கும். அதை என் தலையில் வைக்காதே.

தம்பி கல்யாணத்துக்கு அந்த வேலையோடு வா. ராசா ஸ்டேஷனில் வந்து இறங்கு, நான் வாசலில் நிற்பேன், பாக்கியம் அக்காவும் நிற்பாள். உன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, நேராகக் கோயில் மண்டபத்துக்கு நடந்து போவோம். யாராவது ஏதாவது சொன்னால் இந்தத் தடவை எனக்குக் காது கேட்கும். உன் தம்பி முதல் முடிச்சைப் போட்டதும் குனிந்து மிச்ச முடிச்சைப் போட வேண்டியது நீ. எனக்குக் கிடைக்காதது அது. வேறு யாரும் போட்டுவிட்டு ஆயுசுக்கும் "நான்தானே போட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரியக் கூடாது.

உன் அப்பா கல்யாணப் பெண்ணைக் கூட்டி வரப் போகிற காரை இன்று காலை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சாவியை எடுக்கும்போது, "நல்லாத்தானே ஓடுது" என்று அவர் வாய் வரைக்கும் வந்தது. நான் இந்தத் தாளிலிருந்து தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தேன். சாவியோடு கிளம்பிவிட்டார்.

நீ வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிற,
உன் அம்மா